இலைக்கு அடியில் இல்லாத வெள்ளை

கடற்கரை மணலில் உருளைக்கிழங்கு போடப் போகிறேன் என்று எங்கள் மாமனார் சொன்னபோது தெருவில் சிரிக்காதவர்கள் இல்லை. சதுரங்கப்பட்டினத்தில் சவுக்கு வளரும், தென்னை வளரும். வண்டி மண் அடித்துக் கொட்டினால் கத்திரியும் தக்காளியும் கொஞ்சம் வரும். உருளைக்கிழங்கு என்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து மூட்டையில் வருவது என்றுதான் எங்களுக்குத் தெரியும். மாமனார் அந்த மேட்டுப்பாளையத்தில்தான் ரயில்வே கூட்ஸ் கிளார்க்காக வெகுகாலம் இருந்தார். ஓய்வு பெற்றதும் சொந்த ஊரான இங்கே வந்து மகனோடு தங்கிவிட்டார். மகன், அதாவது என் கணவர், கல்பாக்கத்தில் ஷிப்ட் வேலையில் இருந்தார். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். ஆக வீட்டில் மூன்று பேர், அதில் பெண் நான் ஒருத்திதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்ததெல்லாம் இதனால்தான் நடந்தது.

எழுபதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம், மழை விட்ட கையோடு, அவர் வேலையை ஆரம்பித்தார். திருக்கழுக்குன்றம் பக்கத்திலிருந்து செம்மண் வந்தது. சாணி எரு வந்தது. மலையிலிருந்து யாரையோ பிடித்து விதைக்கிழங்கு வரவழைத்தார். அதை வெட்டி, வெட்டிய பக்கத்தில் அடுப்புச் சாம்பலைத் தடவி, கூடையில் பரப்பி, அந்தக் கூடையைச் சமையலறையில் கொண்டுவந்து வைத்தார். நான் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் சமைத்தேன். முளைவிட்டுச் செடி எழும்பியதும் மண் அணைப்பதும் களை பிடுங்குவதுமாக அங்கேயே பொழுதைப் போக்கினார். "மாசி மாசம் இந்தத் தெருவுல எல்லாரு வூட்டுக் கொழம்புலயும் என் கெழங்குதான் கொதிக்கப்போது" என்று வாசலில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. ஆனாலும் அந்தச் செடிகள் நன்றாகத்தான் வந்தன. அடர் பச்சையில், சற்றே சொரசொரப்பான இலைகளோடு, பார்க்க அழகாக இருந்தன.

மார்கழி பிறந்தபோது அவருக்குக் கண்புரை ஆபரேஷனுக்கு நாள் வந்தது. செங்கல்பட்டில் ஆஸ்பத்திரி. ஒரு கண்ணில் செய்வார்கள், இன்னொரு கண்ணும் ஏற்கெனவே பால் படிந்து வெளிச்சத்தைத் தவிர வேறெதுவும் தெரியாத நிலையில் இருந்தது. கிளம்புகிற அன்று காலை என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், பாத்திக்குப் பாத்தி நின்று, எப்படித் தண்ணீர் விடவேண்டும் என்று காட்டினார். குனிந்து, செடியின் காலடியில், மெதுவாக. பிறகு எங்கோ தென்னையைப் பார்த்துக்கொண்டு, "சுத்தமா இருக்கற நாள்ல நீ ஊத்துமா. மத்த நாளுக்கு பக்கத்து வூட்டுப் புள்ளைங்கள யாராச்சும் கூப்ட்டுக்கோ. கெழங்குச் செடி பொல்லாத செடி" என்றார். மாமனார் மருமகளிடம் பேசக்கூடாத பேச்சை முடிந்தவரை நாசூக்காகப் பேசிவிட்டதாக அவருக்கு நினைப்பு. எனக்கு முகம் சுட்டது. "சரி மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

நான் செங்கல்பட்டில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். விலக்கான பெண் தொட்டால் ஊறுகாய் பூசணம் பிடிக்கும், பூச்செடி வாடும் என்பதெல்லாம் எங்கள் வீட்டிலும் உண்டு. நான் அதையெல்லாம் நம்பாதவள் என்று எனக்குள் ஒரு கர்வமும் உண்டு.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது எனக்கு விலக்கு நாள் வந்தது. என் கணவர் ஷிப்ட் முடிந்து நேரே செங்கல்பட்டு போய் அப்பாவோடு இருந்துவிடுவார். வீட்டில் நான் மட்டும். கடல்காற்று அடித்து மண் மதியத்துக்குள் காய்ந்துவிடும், தண்ணீர் விடாமல் முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடலாம்தான். ஆனால் தினம் தானே ஊற்றுகிறவள் இன்றைக்கு ஏன் கூப்பிடுகிறாள் என்று அவர்கள் அம்மா ஒரு பார்வை பார்ப்பாள், அந்தப் பார்வை எனக்குப் பிடிக்காது. அதனால் கிணற்றடி மேடையில் தள்ளி நின்றுகொண்டு, வாளியிலிருந்து சொம்பு சொம்பாக மொண்டு, சாயங்காலத்தில் செடிகளின் மேல் வீசி எறிந்தேன். தண்ணீர் விசிறிபோலப் போய் இலைகளின் மேல் விழுந்தது. செடியைத் தொடவில்லை, பாத்திக்குள் கால் வைக்கவில்லை, மாமனாரின் விதியும் காப்பாற்றப்பட்டது, என் மானமும் காப்பாற்றப்பட்டது. கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்த நாட்கள் முடிந்த பிறகும், குனிய வேண்டாம், இடுப்பு வலிக்காது என்பதால், அப்படியேதான் எறிந்துகொண்டிருந்தேன்.

பொட்டு விழுந்தது. முதலில் அடி இலைகளில், மிளகளவு. பிறகு பெரிதாகி, பழுப்பாக, சுற்றிலும் மஞ்சள் பூத்து. ஒரு செடியில் பார்த்தேன், அப்புறம் பார்க்கிற செடியிலெல்லாம் இருந்தது. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொன்னேன் அல்லவா, பொட்டைப் பார்த்ததும் நம்பிக்கை வந்துவிட்டது. தள்ளி நின்றும் என் தீட்டு எட்டிவிட்டது என்றுதான் மனசு சொன்னது. மெச்சிக்கொண்ட கெட்டிக்காரி அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

மாமனார் கண்ணில் கட்டோடு வீடு வந்தார். தலையை ஆட்டக்கூடாது, குனியக்கூடாது, தும்மக்கூடக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கூடத்துக் கட்டிலில் மல்லாந்து படுத்தபடி முதல் கேள்வியே அதுதான்.

"செடிங்க எப்படி கீதுமா?"

"நல்லா இருக்கு" என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "இலையில பொட்டு பொட்டா வந்துருக்கு மாமா" என்றேன்.

தலையைத் தூக்கிவிட்டார். நான் ஓடிப்போய்த் தலையணையில் அமர்த்தினேன். அவர் கை என் கையைப் பிடித்துக்கொண்டது. "எந்த இலையில? மேலயா, கீழயா?"

"கீழ."

"இன்னா கலரு?"

"காபிப்பொடி கலரு."

"வளையம் கீதா?"

"பாக்கல மாமா."

"நல்லா கேட்டுக்கோ. ரெண்டு நோய் கீது. ஒண்ணு, பொட்டுக்குள்ள வளையம் வளையமா இருக்கும், வெட்டுன மரத்துல இருக்கற மாரி. அது வந்தா பயம் இல்ல. தண்ணிய எல மேல ஊத்தி ஊறவுட்டா வர்றது. கீழ் இலையக் கிள்ளிப் போட்டு, வேருல மட்டும் தண்ணி உட்டா செடி தேறிக்கும். நீ வேருலதானே ஊத்துன?"

"வேருலதான் மாமா."

"ஆங். இன்னொண்ணு மலைக் கருகலு. அதுல வளையம் இருக்காது. காலைல பனியோட இலையத் திருப்புனா அடியில வெள்ளையா பூஞ்சை பூத்துனு இருக்கும். அது வந்தா ஒரு வாரத்துல மொத்த மலையும் அழுவிப்பூடும். நான் பாத்து கீறேன். உருளையோட நிக்காது, தக்காளியும் போவும். நாளைக்கு வெடிஞ்சதும் பாத்து வந்து சொல்லு. என் கண்ணு இப்ப நீதான்."

விடிந்ததும் போனேன். பனி சொட்டிக்கொண்டிருந்தது. முதல் இலையைத் திருப்பும் முன்பே பொட்டுக்குள் வளையம் தெரிந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக, நகத்தால் கீறியதுபோல் தெளிவாக இருந்தது. இலையைத் திருப்பினேன். அடியில் பனித்துளி இருந்தது, வெள்ளை இல்லை. இன்னொரு செடி, இன்னொரு இலை, எங்கும் வளையம்தான், எங்கும் வெள்ளை இல்லை.

தீட்டு இல்லை, தண்ணீர்தான் என்று அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. அதோடு நிம்மதியாகியிருக்க வேண்டும். ஆனால் வளையம் என்று போய்ச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்பதும் புரிந்தது. வேரில் ஊற்றினேன் என்றாயே, மேலே எப்படிப் பட்டது? தள்ளி நின்று எறிந்தேன். ஏன் தள்ளி நின்றாய்? அதற்கான பதிலை ஒரு மருமகள் மாமனாரிடம் வாய்விட்டுச் சொல்வது எங்கள் வீடுகளில் கிடையாது. மாமியார் இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன். இல்லை, மாமியார் இருந்திருந்தால் செடியையே அவர் பார்த்துக்கொண்டிருப்பார். கணவரிடம் சொல்லி அனுப்பியிருக்கலாமே என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை. வெட்கம் ஒரு பக்கம், சோம்பேறித்தனமாக எறிந்த குற்றம் ஒரு பக்கம். தப்பிக்க ஒரு வழியை அவரே காட்டிக் கொடுத்திருந்தார்.

உள்ளே வந்தேன். "வளையம் இல்ல மாமா. அடியில வெள்ளையா இருக்கு" என்றேன்.

நான் மாட்டிக்கொள்ளவில்லை என்ற ஆறுதலில் காபி கலக்கப் போனேன். திரும்பி வந்தபோது கட்டுப் போட்ட முகத்தை மேலே வைத்தபடி, "நான்தாம்மா கொண்டாந்துட்டேன்" என்றார். "மலையில கெடந்த நோய விதையோட கட்டி எடுத்தாந்து இந்த ஊருல எறக்கிட்டேன்."

இதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. பழி என் தலையிலிருந்து இறங்கினால் நோயின் தலையில் ஏறும், அதோடு முடிந்தது என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். அது அவர் தலையில் போய் உட்கார்ந்தது.

அந்தப் பக்கத்து வீட்டில் இருந்தது ஒரு முஸ்லிம் குடும்பம். அவர்கள் டீக்கடை வைத்திருந்தார்கள். அந்த அம்மா கொல்லையில் தக்காளி போட்டு, கடைக்குப் போக மிச்சத்தை மாமல்லபுரத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு முள்வேலிதான். மாமனாருக்கு அந்த வேலிதான் நினைப்பு. "இது அந்தம்மா பொழப்புல மண்ணைப் போட்டுடும். இன்னிக்கே புடுங்கிடு. ஒரு எல மிச்சம் இல்லாம கொளுத்திடு" என்றார். என் கணவரும் நானும் பிடுங்கினோம். பிடுங்கும்போது மண்ணிலிருந்து கிழங்குகள் எட்டிப் பார்த்தன. எலுமிச்சம்பழம் அளவில், மெல்லிய தோலோடு, ஒரு கறை இல்லாமல் இருந்தன. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் தெருவே சாப்பிட்டிருக்கும். ஒன்றை எடுத்துவந்து மாமனார் கையில் கொடுத்தார் என் கணவர். அவர் கட்டைவிரலால் அதை உருட்டி உருட்டிப் பார்த்தார். "இதையும் நெருப்புல போட்டுடு" என்று திருப்பிக் கொடுத்தார்.

புகை அடங்குவதற்குள், தலையை ஆட்டக்கூடாத மனிதர், என் தோளைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் வந்து நின்று அந்த அம்மாவைக் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னார். "எதாச்சும் ஆச்சுன்னா அதுக்கு நான்தான் காரணம். மனசுல வெச்சிக்காதம்மா" என்றார்.

அந்த அம்மாவுக்குப் பாதி புரியவில்லை. "இன்னா அண்ணாத்த, கண்ணுல கட்டோட வந்து நின்னுகினு. செடின்னா பொட்டு வரும், போவும். நீ போய்ப் படு" என்றார்.

நான் அவர் தோளுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவு பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அவ்வளவு பேர் என்றால் என் கணவரையும் சேர்த்து மூன்று பேர்.

கட்டு அவிழ்த்து, கனத்த கண்ணாடி வந்தது. அதைப் போட்டால் தூரத்துப் பனைமரம் தெரிந்தது, கையிலிருக்கும் பொருள் கலங்கிப்போய்த் தெரிந்தது. அந்தக் கண்ணாடியோடு அவர் தினம் காலையில் தக்காளிப் பாத்திக்குப் போக ஆரம்பித்தார். அந்த அம்மா முதலில் சிரித்தார், பிறகு அவருக்கு ஒரு மணை எடுத்துப் போட்டார். மாமனார் செடி செடியாக இலையைத் திருப்புவார். களை பிடுங்குவார். எங்கள் வீட்டு எருவையெல்லாம் கூடையில் கொண்டுபோய் அங்கே கொட்டினார். எங்கள் பாத்தி வெறும் மண்ணாகக் கிடந்தது, அதில் எதுவும் போடக்கூடாது என்றார். வாசலில் போகிறவர்களைப் பார்த்தால் உள்ளே வந்துவிடுவார். உருளைக்கிழங்கு வாங்கி வந்தால் சாப்பிடமாட்டார், வாயுத் தொல்லை என்பார். மேட்டுப்பாளையத்தில் அத்தனை வருஷம் அவருக்கு வராத வாயு.

மாசியில் தக்காளி இலையில் பொட்டு விழுந்தது. அது அந்த ஊரில் எல்லா வருஷமும் விழுவதுதான். அந்த அம்மா தக்காளிக்குக் குடத்தைக் கவிழ்த்துத் தலையில்தான் ஊற்றுவார். ஆனால் மாமனார் அன்று வீட்டுக்கு வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது. கையில் ஒரு இலை. கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும் அதை மூக்கருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வாங்கிப் பார்த்தேன். "வளையம் இருக்கு மாமா. நல்லாத் தெரியுது. இது சாதா நோய்தான்" என்றேன்.

"அப்படியா" என்றார். நம்பவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. சாயங்காலம் என் கணவரிடம் இலையைக் கொடுத்து அவரையும் பார்க்கச் சொன்னேன். அவரும் வளையம் இருக்கிறது என்றார். "ரெண்டு பேரும் பேசி வெச்சிகினு ஒத்து ஊதுறீங்க" என்று மாமனார் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார்.

அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாத மனிதர், ஊருக்கு நோய் கொண்டுவந்தவன் என்று தன்னை நினைத்துக்கொண்டு பட்டினி கிடக்கிறார். அவரை அப்படி ஆக்கியது நான். அன்றைக்கு என்மேல் எனக்கு வந்த வெறுப்பு வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலை என் கணவர் வேலைக்குப் போனதும், கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்த மாமனாரிடம் போய் நின்றேன்.

"மாமா, உங்க செடியிலயும் வளையம்தான் இருந்துச்சு. வெள்ளை இல்லவே இல்ல. நான்தான் பொய் சொன்னேன்."

அவர் நிமிர்ந்தார்.

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப நான் விலக்கா இருந்தேன். கிட்டப் போகக் கூடாதுன்னு இங்க நின்னு தண்ணிய வீசினேன். எல்லாம் இலை மேலதான் விழுந்துச்சு. அப்புறமும் அப்படியேதான் வீசினேன். அதனாலதான் வந்துச்சு. உங்க விதையில ஒரு நோயும் இல்ல மாமா."

சொல்லி முடித்துவிட்டேன். திட்டுவார், அடிக்கக் கை ஓங்கினாலும் ஓங்குவார், எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் கனத்த கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் பெரிதாகத் தெரிந்தன. அவை நிறைந்து வழிந்தன.

"எந்த வூட்டுப் பொண்ணு இந்த வார்த்தைய மாமனார்கிட்ட வாயெடுத்துச் சொல்லுவா" என்றார். "என் மனசு ஆறணும்னு இதக்கூடச் சொல்லத் துணிஞ்சிட்டியே தாயி."

"இல்ல மாமா, சத்தியமா நெஜம்."

"சத்தியம் வேற பண்ணாத. எனக்காக நீ பழி ஏத்துக்க வாணாம்."

"மாமா, நான் சொல்றத..."

"போதும்மா. இனிமே இத உன் வாயால சொல்லாத. எனக்குத்தான் அசிங்கம்."

அவர் உள்ளே போய்விட்டார். காட்டுவதற்கு என்னிடம் ஒரு இலைகூட இல்லை, எல்லாவற்றையும் கொளுத்தியிருந்தோம். கணவர் வந்ததும் அவரிடம் முழுக்கச் சொன்னேன். அவர் நம்பினார். அப்பாவிடம் போய்ப் பேசியும் பார்த்தார். "அவ சொல்லித்தானே நீ வர்ற" என்று அவர் வாயை அடைத்துவிட்டார் மாமனார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவர் தானாகவே வந்து உட்கார்ந்தார். நான் பரிமாறினேன். மகனிடம், நான் அங்கே இல்லாததுபோல, "உங்கம்மா போனப்புறம் இந்த வூட்டுல நமக்குன்னு ஒரு பொம்பள இல்லன்னு நெனச்சினு இருந்தேன்டா. தப்பு. நல்லா வெச்சிக்க இவள" என்றார்.

கணவர் தலைகுனிந்து சோற்றைப் பிசைந்தார். மாமனார் எனக்கும் ஒரு இலை போடச் சொன்னார், கூட உட்கார்ந்து சாப்பிடு என்றார். மாமனாருக்கு எதிரே உட்கார்ந்து நான் சாப்பிட்டதில்லை, அவர் அப்படிச் சொன்னதும் இல்லை. உட்கார்ந்தேன். அவர் தன் கையால் என் இலையில் நெய் விட்டார். விடிந்ததும் தக்காளிப் பாத்திக்குப் போகவேண்டும், அந்த அம்மாவிடம் இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார்.